தப்பு நம்ம மேல இல்லேன்னாலும் தகவல் சொல்லணும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது. பேசிய நடை அதிகம் மாற்றாமல் இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு வாகனக் காப்பீடு. கடன், சேமிப்பு, தையல் மிஷின், கறவை மாடு, இதைப் பத்தி எல்லாம் நாம நிறைய பேசியிருக்கோம். வண்டியைப் பத்திப் பேசினதே இல்லை. ஆனா இன்னைக்கு வெளியே நிழல்ல நிக்கிற வண்டிகளைப் பாருங்க. ஸ்கூட்டி, எக்ஸ்எல், நாலஞ்சு ஷேர் ஆட்டோ, பக்கத்துலயே ரெண்டு குட்டி யானை. பாதிக்கு மேல நம்ம பெண்கள் பேர்ல ஆர்.சி. புக் இருக்கிற வண்டிங்க. 2018 பிப்ரவரியில வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில ஸ்கூட்டர் கொடுக்கும் திட்டம் வந்தப்போ, விலையில பாதி அல்லது 25,000 ரூபாய், இதுல எது குறைவோ அது மானியமா கிடைச்சுது. அப்ப வாங்கினவங்களும் இங்க இருப்பீங்க. வண்டி வந்துடுச்சு. அதோட வந்த பேப்பரை மட்டும் பீரோவில வச்சுப் பூட்டிட்டோம்.

நம்ம வேங்கிக்கால் எப்படிப்பட்ட இடம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் ஆபீஸ் இங்க இருக்கு. வேலூர் ரோடு நடுவுல போகுது. பௌர்ணமி வந்தா கிரிவலத்துக்கு வர்ற வண்டி, கார்த்திகை தீபம் வந்தா மாநிலம் முழுக்க இருந்து வர்ற வண்டி. உரசல், இடி, விழுகாடு இல்லாத வாரம் கிடையாது. அப்படி நடக்கும்போது நம்ம பெண்கள் என்ன சொல்றாங்க? "தப்பு என் மேல இல்லைங்க. அவன்தான் வந்து இடிச்சான். நான் எதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும்? சொன்னா அடுத்த வருஷம் பணம் ஏத்திடுவாங்க." இந்த மூணு வாக்கியத்தைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். வாராந்திரக் கூட்டம் முடிஞ்சு எக்ஸ்எல்-லில் வந்தவங்க, ரோட்டோரம் வண்டியை நிறுத்திட்டுப் பூ வாங்கிட்டு இருந்தாங்க. பின்னாடி வந்த ஒரு பையன் செல்போனைப் பார்த்துக்கிட்டே வந்து நின்ன வண்டியில மோதி விழுந்தான். மணிக்கட்டுல அடி. அக்காவோட வண்டியில இண்டிகேட்டர் மட்டும் உடைஞ்சுது. பையனோட மாமா வந்து, "போகட்டும் விடுங்கம்மா"ன்னு 500 ரூபாய் கொடுத்தாரு. அக்காவும் பாவம்னு விட்டுட்டாங்க. பையனை ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போனது மாமா. ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுக்கு ஒரு தபால். பையனுக்கு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, இழப்பீடு வேணும்னு வழக்கு. அக்கா முதல் எதிர்மனுதாரர், அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது எதிர்மனுதாரர். மனுவில என்ன எழுதியிருந்தது தெரியுமா? அக்கா இண்டிகேட்டர் போடாமல் திடீர்னு திரும்பினாங்களாம். நின்னுட்டு இருந்த வண்டி திரும்பிடுச்சு!

பூக்கடைக்காரம்மா அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்ததால அக்காவுக்குப் பிடிச்சுக்க ஒரு கிளை கிடைச்சுது. வழக்கு இன்னும் நடக்குது. இப்ப இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்தான் அவங்க பக்கம் வாதாடுறார். ஆனா அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு மாசமா ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

"தப்பு என் மேல இல்லை"ங்கறது உண்மையா இருக்கலாம். ஆனா அது நம்ம மனசுல மட்டும் இருந்தா போதாது. யார் தப்புன்னு கடைசியில முடிவு செய்யறது நாமும் இல்லை, எதிர் பார்ட்டியும் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்க பேசறது பேப்பரும் சாட்சியும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில 134-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. விபத்துல யாருக்காவது காயம்பட்டாலோ, அடுத்தவங்க சொத்து சேதமானாலோ, வண்டி ஓட்டினவங்க மூணு காரியம் செய்யணும். ஒண்ணு, காயம்பட்டவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கணும். ரெண்டு, அங்க போலீஸ் இல்லேன்னா பக்கத்து ஸ்டேஷன்ல சீக்கிரமா, எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். மூணு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலமா தகவல் கொடுக்கணும். பாலிசி நம்பர், அது எதுவரைக்கும் செல்லும்ங்கறது, விபத்து நடந்த தேதி, நேரம், இடம், காயம்பட்டவர் அல்லது இறந்தவர் விவரம், ஓட்டினவர் பேர், லைசென்ஸ் விவரம். இவ்வளவுதான்.

கவனிச்சீங்களா? "தப்பு செஞ்ச டிரைவர்"னு அந்தப் பிரிவு சொல்லலை. விபத்துல சம்பந்தப்பட்ட வண்டியை ஓட்டினவர்னுதான் சொல்லுது. தப்பு யார் மேலங்கறது அப்புறம் வர்ற சங்கதி. வண்டி உங்க பேர்ல இருந்து, உங்க மகன் ஓட்டிட்டுப் போயிருந்தாலும் இதேதான்.

இன்னொண்ணு. நாம சொல்லலேன்னா கம்பெனிக்குத் தெரியாமலே போயிடும்னு நினைக்காதீங்க. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள்படி, விபத்து பத்தித் தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் போகும். இதைக் கண்டிப்பாப் பின்பற்றணும்னு உச்ச நீதிமன்றமும் 2022 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. ஆக, கதை எப்படியும் கம்பெனிக்குப் போகும். எதிர் பார்ட்டி வாயால போகணுமா, நம்ம வாயால போகணுமா? அதுதான் கேள்வி.

தகவல் வேற, கிளெய்ம் வேற

இப்ப பணத்துக்கு வருவோம். "சொன்னா பிரீமியம் ஏறும்"னு ஒரு பயம். பிரீமியத்துல ரெண்டு பகுதி இருக்கு. முதல் பகுதி தேர்ட் பார்ட்டி. நம்ம வண்டியால அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு. இது கட்டாயம். இதோட கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்குது. 75-லிருந்து 150 சி.சி. வரை உள்ள ஸ்கூட்டருக்கு 2022 ஜூன் 1 முதல் வருஷத்துக்கு 714 ரூபாய்னு வச்சாங்க. நீங்க விபத்து பத்திச் சொன்னீங்கன்னு கம்பெனி அதை ஏத்த முடியாது.

ரெண்டாவது பகுதி ஓன் டேமேஜ். நம்ம வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு. இதில்தான் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு. ஒரு வருஷம் கிளெய்ம் வாங்காம இருந்தா 20 சதவீதம் தள்ளுபடி. ரெண்டு வருஷம்னா 25, மூணு வருஷம் 35, நாலு வருஷம் 45, அஞ்சு வருஷம் 50. நம்ம வண்டி ரிப்பேருக்குக் கிளெய்ம் வாங்கினா அந்தத் தள்ளுபடி பூஜ்ஜியத்துக்குப் போயிடும். தப்பு நம்ம மேல இல்லேன்னாலும் போயிடும். ஏன்னா அதுக்குப் பேரே கிளெய்ம் வாங்காததுக்கான போனஸ்தான். தப்பு பண்ணாததுக்கான போனஸ் இல்லை.

ஆனா "இப்படி ஒரு விபத்து நடந்தது"ன்னு தகவல் மட்டும் சொல்றதுக்கு இந்தத் தள்ளுபடி போகாது. நமக்கு எதிரா தேர்ட் பார்ட்டி வழக்கு வந்தாலும் போகாது. நம்ம வண்டிக்குப் பணம் வாங்கினா மட்டும்தான் போகும். கடிதத்துல ஒரே ஒரு வரி சேருங்க: "இது தகவலுக்காக மட்டுமே, என் வாகனச் சேதத்திற்கு இப்போது கிளெய்ம் கேட்கவில்லை."

அப்போ சின்ன சேதத்துக்குக் கிளெய்ம் வாங்கலாமா வேண்டாமா? குழுக் கணக்கு எழுதறவங்கதானே நாம, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 800 ரூபாய்னு வச்சுக்குவோம். இப்ப 35 சதவீதத் தள்ளுபடியில இருக்கீங்க. முன்பக்கப் பிளாஸ்டிக் பேனல் உடைஞ்சு 2,000 ரூபாய் பில். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குச் சாதாரண பாலிசியில பாதிதான் தருவாங்க. 1,000. அதில் நம்ம பங்குன்னு 100 ரூபாய் கழிச்சா கைக்கு வர்றது 900.

கிளெய்ம் வாங்காம இருந்தா அடுத்த வருஷம் 45 சதவீதம், அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் 50. வாங்கினா 0, 20, 25, 35, 45. அஞ்சு வருஷத்து வித்தியாசத்தைக் கூட்டுங்க: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். 800-க்கு 960 ரூபாய். 900 வாங்கறதுக்காக 960 விடுறோம். இந்த மாதிரி சின்ன ரிப்பேரைப் பட்டறையில கைக்காசு போட்டுச் சரி பண்றதே மேல். அதுவே 10,000, 15,000 பில் வந்தா தயங்காம கிளெய்ம் வாங்குங்க. அதுக்குத்தானே பணம் கட்டறோம்.

யாருக்கும் காயமில்லை, அடுத்தவங்க பொருள் எதுவும் சேதமில்லை, நம்ம வண்டியில மட்டும் ஒரு கீறல், கிளெய்மும் வாங்கப் போறதில்லை. அப்போ சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. மரத்துல உரசினதுக்கெல்லாம் கடிதம் எழுத வேண்டாம். ஆனா ஒரு துளி ரத்தம் வந்தாலும், எதிர் வண்டியில ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் எழுதிடுங்க. அந்த இடத்துல நல்லா எழுந்து நடந்து போனவங்கதான் மறுநாள் முதுகு வலின்னு ஸ்கேன் எடுப்பாங்க. அது பொய்யாத்தான் இருக்கணும்னும் இல்லை, நிஜமாவும் இருக்கும்.

அந்த இடத்துல பேச வேண்டியதும் பேசக் கூடாததும்

நாம பெண்கள். யாராவது விழுந்தா முதல்ல வாயில வர்றது, "ஐயோ, மன்னிச்சுக்கப்பா, என்னாலதானே". இரக்கம் இருக்கட்டும். தண்ணி கொடுங்க, ஆட்டோ பிடிங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல வந்த "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டாங்க. அதை அடிபட்டவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. ஆனா "தப்பு என்னுது, செலவை நான் பார்த்துக்கறேன்"னு வாக்குக் கொடுக்காதீங்க. பாலிசி பேப்பர்ல பொடி எழுத்துல ஒரு நிபந்தனை இருக்கு: கம்பெனியோட எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம தப்பை ஒத்துக்கவோ, பணம் தர்றேன்னு சொல்லவோ கூடாது. அதே நிபந்தனைகள்ல, வழக்கு சம்பந்தமா எந்தத் தபால் வந்தாலும் உடனே கம்பெனிக்கு அனுப்பணும்னும் இருக்கு. கோர்ட் தபாலைச் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைக்காதீங்க.

அதே மாதிரி, அடிபட்டது நாமா இருந்தா, 2,000, 5,000 வாங்கிக்கிட்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. கால் வீக்கம்னு நினைச்சது உள்ளே முறிவா இருக்கும். பிளேட் வைக்க வேண்டி வரும். அப்ப அந்த 5,000 எந்த மூலைக்கு?

நாம அடிபட்டா நம்ம இன்சூரன்ஸ் கம்பெனியை விட எதிர் வண்டியோட கம்பெனிதான் முக்கியம். அதனால எதிர் வண்டி நம்பரை முதல்ல போட்டோ எடுங்க. ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது, எஃப்.ஐ.ஆர். நகலாவது வாங்குங்க. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள போடணும்னு சட்டத்துல இருக்கு. அந்தத் தேதியைத் தாண்ட விடாதீங்க. யார் தப்புன்னு நிரூபிக்காமலே கிடைக்கிற இழப்பீடும் ஒண்ணு இருக்கு. 164-ஆவது பிரிவு: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனா அதை ஏத்துக்கிட்டா தீர்ப்பாயத்துல போட்ட பெரிய மனு அதோட முடிஞ்சிடும். அதனால எது நமக்கு நல்லதுன்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வக்கீலுக்குப் பணம் எங்க போறதுன்னு கேட்காதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேர்லயே போகலாம், 15100-க்குப் போனும் பண்ணலாம்.

இடிச்சுட்டு நிக்காம ஓடிட்டா? அதுக்கும் வழி இருக்கு. எந்த வண்டின்னே தெரியலேன்னா, உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசாங்கத் திட்டத்துல கிடைக்கும். வருவாய்த் துறை விசாரிக்கும், கலெக்டர் உத்தரவு போடுவார். அந்த ஆபீஸ் நம்ம ஊர்லயே இருக்கு.

கடிதம் எப்படி எழுதறது?

பாலிசி பேப்பர்ல இருக்கிற இலவச நம்பருக்கு முதல்ல போன் பண்ணுங்க. அவங்க ஒரு நம்பர் சொல்வாங்க, அதைக் குறிச்சுக்குங்க. அதோட நிறுத்தாம எழுத்துலயும் கொடுங்க. இ-மெயில் தெரிஞ்ச பிள்ளைகளை விட்டு அனுப்பச் சொல்லலாம், அல்லது ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பலாம். இப்படி எழுதினா போதும்:

"ஐயா, என் பெயரில் உள்ள பாலிசி எண் இது. இந்தத் தேதி வரை செல்லும். என் வாகன எண் இது. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் என் வாகனம் ரோட்டோரம் நின்றிருந்தபோது இந்த எண்ணுள்ள இரு சக்கர வாகனம் பின்னால் வந்து மோதியது. அதை ஓட்டி வந்தவருக்குக் கையில் காயம். என் வாகனத்தின் பொறுப்பில் இருந்தவர் இன்னார், லைசென்ஸ் எண் இது. இந்தக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துள்ளேன். நேரில் பார்த்தவர்கள் இன்னார். போட்டோ இணைத்துள்ளேன். இது தகவலுக்காக மட்டுமே. என் வாகனச் சேதத்திற்கு இப்போது கிளெய்ம் கேட்கவில்லை."

நடந்ததை மட்டும் எழுதுங்க. கூட்டியும் எழுத வேண்டாம், குறைச்சும் எழுத வேண்டாம். யாரையும் திட்ட வேண்டாம். தகவல் கொடுக்கத் தாமதமாயிடுச்சுன்னாலும் கொடுங்க. தாமதம் ஒண்ணையே காரணமா வச்சு நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாதுன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கு. கம்பெனி சரியா பதில் சொல்லலேன்னா 155255-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம். அதுக்கு மேல சென்னையில காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பீரோவைத் திறங்க

இவ்வளவும் எப்ப உதவும்? பாலிசி உயிரோட இருந்தாத்தான். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கின புது டூ வீலருக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி சேர்த்தே கொடுத்தாங்க. "அஞ்சு வருஷத்துக்குக் கட்டியாச்சு"ன்னு நிம்மதியா இருந்தோம். ஆனா நிறைய பேருக்கு அதில் ஓன் டேமேஜ் ஒரே வருஷம்தான். 2019-ல வாங்கின வண்டிக்கு 2024-லேயே தேர்ட் பார்ட்டியும் முடிஞ்சு போச்சு. புதுப்பிக்காம ஓட்டறவங்க எத்தனை பேர்னு நான் கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். போலீஸ் பிடிச்சா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். அது சின்ன விஷயம். இன்சூரன்ஸ் இல்லாத நாள்ல ஒருத்தர் நம்ம வண்டியில அடிபட்டு, தப்பு நம்ம மேலன்னு தீர்ப்பு வந்தா, அந்த லட்சக்கணக்கான தொகையை நாமளே கட்டணும். பத்து வருஷம் சேர்த்த சேமிப்பும் கறவை மாடும் அதுக்குப் பத்தாது.

வண்டியைப் பழசா வாங்கினவங்க 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. குட்டி யானையில சாமானோட ஆளையும் ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போறீங்க. சரக்கு வண்டியில சும்மா ஏறின பயணிக்கு இன்சூரன்ஸ் வராது, அது நினைவிருக்கட்டும். ஓட்டறவங்க லைசென்ஸ் காலாவதி ஆகாம பார்த்துக்குங்க.

அதனால என் வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த மாதக் கூட்டத்துல எல்லாக் குழுவும் ஒரு தீர்மானம் போடுங்க. தீர்மானப் புத்தகத்துல ஒரு பக்கம் ஒதுக்குங்க. உறுப்பினர் பேர், வண்டி எண், தேர்ட் பார்ட்டி முடியற தேதி, ஓன் டேமேஜ் முடியற தேதி, லைசென்ஸ் முடியற தேதி. தவணை தேதியை வாசிக்கிற மாதிரி இதையும் ஊக்குநர் மாசாமாசம் வாசிக்கட்டும். யாருக்காவது விபத்துன்னா, மறுநாளே எழுதத் தெரிஞ்ச ரெண்டு பேர் கூட உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்க. ஸ்டேஷனுக்குத் தனியா அனுப்பாம ரெண்டு பேர் கூடப் போங்க. பேங்குக்குள்ள முதல் தடவை காலடி வச்சப்பவும் நாம அப்படித்தானே சேர்ந்து போனோம்?